பெட்டி இல்லாமல் வந்த வாரண்டி

சத்யபிரியாவிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில் பிஸ்கட் இருந்து பத்து வருடம் ஆகிறது. இப்போது உள்ளே இருப்பதெல்லாம் வாரண்டி கார்டுதான். மிக்ஸி, குக்கர், அயர்ன் பாக்ஸ், சுவர்க் கடிகாரம் என்று வீட்டுச் சாமான் அத்தனைக்கும் கார்டு, கூடவே பில், இரண்டையும் சேர்த்து ஒரு பின். காயலான் கடைக்குப் போட்டுவிட்ட பழைய ஃபேனின் கார்டுகூடப் பத்திரமாகக் கிடக்கிறது. யாராவது சிரித்தால், "கெடந்துட்டுப் போகுது, அது என்ன சோறா கேக்குது?" என்பாள்.

கீரமங்கலத்தில் வீட்டின் முன் அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறாள். சுற்றுவட்டாரத்து ஸ்டுடியோக்காரர்கள் மூன்று பேர் அவளிடம்தான் கொடுப்பார்கள். மாப்பிள்ளையின் பெரிய மாமா முகம் இரண்டு இடத்திலாவது வராவிட்டால் அந்த வீட்டில் பஞ்சாயத்து நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். யார் அழுததை வைக்க வேண்டும், யார் சாப்பிட்டதை வெட்ட வேண்டும் என்பதும் தெரியும்.

அவள் கணவன் செம்மல் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது பதினான்கு மாதம்தான். மற்ற நாளெல்லாம் போனில்தான் குடித்தனம். பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் வேலை முடிந்ததும் கூப்பிட்டான். குரலில் குதூகலம்.

"பிரியா, ஹார்டு டிஸ்க் மாட்டு வண்டி மாதிரி போகுதுன்னு பொலம்புவீல்ல. இங்க எஸ்எஸ்டி பாதி வெலைக்குப் போட்டுருக்கான். ரெண்டு டிபி. உள்ளங்கையில அடங்கிரும்."

"வாரண்டி எம்புட்டுங்க?"

"நீ இதத்தான் மொதல்ல கேப்பேன்னு தெரியும். அஞ்சு வருசம்!"

"அங்க வாங்குனது இங்க செல்லுமா?"

"அட்டையில உலகம் பூராவும்னுதான் போட்டுருக்கு. பில்லப் பெட்டிக்குள்ளயே ஒட்டி அனுப்புறேன். ஆனந்தராஜ் ரெண்டு மாச லீவுல வாரான், அவன்ட்ட குடுத்து விடுறேன்."

விராலிமலைக்காரனான ஆனந்தராஜ், செம்மலின் அறைத் தோழன். ஒருவன் ஊருக்குக் கிளம்புகிறான் என்றால் பத்து வீட்டுச் சாமான் அவன் பெட்டியில் ஏறிவிடும். விமானத்தில் விடுவதோ முப்பது கிலோ. அதனால் கிளம்புவதற்கு முதல் நாள் அறையில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளை உரித்துத் தள்ளுவார்கள். சென்ட் பாட்டில் சட்டைக்குள் போகும், பொம்மை பால்பவுடர் டின்னுக்குள் போகும். இது அங்கே எழுதப்படாத சட்டம். செம்மல் அன்று இரவு ஷிப்டில் இருந்தான்.

ஆனந்தராஜ் கீரமங்கலத்துக்கே வந்து ஒரு குழந்தை சாக்ஸுக்குள்ளிருந்து அந்த டிரைவை எடுத்துக் கொடுத்தபோது, சத்யபிரியா அவன் கையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"பெட்டி எங்கண்ணே?"

"பெட்டியா? அதெல்லாம் ரூம்லயே பிச்சுப் போட்டாச்சு தங்கச்சி. காத்தையா தூக்கிக்கிட்டு வர முடியும்?"

பில்லும் அந்தப் பெட்டியோடு குப்பைக்குப் போயிருந்தது. வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தவனை என்ன சொல்வது? காபி போட்டுக் கொடுத்தாள்.

டிரைவ் வேலை செய்த வேகத்தில் அந்த வருத்தம் மறந்துபோனது. அடுத்த வாரமே ஜெகதாப்பட்டினத்து ஷர்லியின் கல்யாணம் எடிட்டிங்குக்கு வந்தது. அந்தக் கல்யாணத்தில் ஒரு குறை இருந்தது. பெண்ணின் அப்பா சவரிமுத்து விசைப்படகுக்காரர். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பின் இரண்டாவது ஓலை வாசித்த வாரம், கல்யாணச் செலவுக்கு ஆகட்டும் என்று கடலுக்குப் போனவரை எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரையில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது ஓலையை வாசிப்பதா வேண்டாமா என்று வீடே குழம்பிக் கிடந்தபோது, சிறையிலிருந்து வக்கீல் மூலம் ஒரு வார்த்தை வந்தது: தள்ளிப்போடாதீர்கள், நடத்திவிடுங்கள். நடத்திவிட்டார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பலிபீடம்வரை நடக்க வேண்டிய பெண், தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கேமராக்காரருக்கு மறுநாள் இரண்டு முகூர்த்தம். கேமராவின் மெமரி கார்டுகளை அழித்துவிட்டார். சத்யபிரியா எப்போதும் இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு நகல் போட்டு வைப்பாள். அன்று பழைய டிஸ்க் நிரம்பியிருந்தது. புதுசுதானே, அஞ்சு வருசத்துக்குப் பயமில்லை என்று விட்டுவிட்டாள். வாரண்டி என்பது பொருளுக்குத்தான், அதற்குள் இருக்கும் கல்யாணத்துக்கு இல்லை என்று டப்பா நிறையக் கார்டு சேர்த்தவளுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

பத்தாம் நாள் டிரைவ் சூடானது. பிறகு கம்ப்யூட்டரில் காணாமல் போனது. கழற்றி மாட்டினாள், வேறு ஒயரில் மாட்டினாள், ஃபேனுக்கு அடியில் வைத்துக் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரத்திலேயே ஷர்லியின் அம்மா சந்தனமேரி போன் செய்தாள்.

"ஆத்தா, அவரு வந்துட்டாரு! விட்டுட்டாங்க. வந்ததுலருந்து வீடியோ எப்ப வரும், எப்ப வரும்னு ஒரே நச்சரிப்பு. எளச்சுத் துரும்பா வந்துருக்காரு ஆத்தா. சீக்கிரம் குடுத்துரு."

"இன்னுங் கொஞ்ச நாள்தான்க்கா" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அழுதாள்.

திருச்சியில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைத் தட்டிப் பார்த்தார்கள். இது அந்த நாட்டுச் சரக்கு, வாங்கிய கடைக்குத்தான் போக வேண்டும், பில் கட்டாயம் என்றார்கள். உள்ளே இருப்பதைக் கொடுப்பார்களா என்று கேட்டாள். அதெல்லாம் கிடையாது, பழசை வாங்கிக்கொண்டு புதுசு கொடுப்பார்கள் என்றார்கள். பக்கத்துத் தெருவில் கோபிநாத் என்று ஒருவர் கெட்டுப்போன டிரைவிலிருந்து ஃபைல் எடுத்துக் கொடுப்பவர். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"பாதிக்கு மேல எடுத்துரலாம்மா. ஆனா இந்த மேல்கூட்ட ஒடச்சுத்தான் தொறக்கணும். ஒடச்சா வாரண்டி போச்சு. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் டிரைவோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. டிரைவ் கெட்டுப்போனதை மட்டும் செம்மலிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையில் வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய், கடைக்காரன் கம்ப்யூட்டரில் தேடும்வரை இரண்டு மணி நேரம் நின்று, பில்லுக்கு நகல் வாங்கியிருக்கிறான். அதை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் நனைந்துபோய், பரீட்சையில் பாஸான பிள்ளையாகச் சிரித்தான். பின்னாலேயே குரல் பதிவு: "ஞாயித்துக்கெழம ஆனந்தராஜ் கெளம்புறான். அவன்ட்ட குடுத்து விடு. புதுசு தந்துருவாங்க. இந்தத் தடவ பெட்டியோட அனுப்புவேன், ஆமா!"

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, டிரைவை உடைக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சனிக்கிழமை பகல் முழுக்க வாய் வரவில்லை. அவன் மீது அவளுக்கு அவ்வளவு ஆசை பொங்கியது, அதுதான் தொல்லை. சாயங்காலம் அவனே கூப்பிட்டான். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கேமராக்காரர் கார்டை அழித்தது, தான் நகல் போடாமல் விட்டது, சவரிமுத்து கடலுக்குப் போனது, கூட்டை உடைத்தால் வாரண்டி போவது.

அவன் அறையில் ஓடிய ஏசியை அணைத்துவிட்டுக் கேட்டான்.

"அந்த மனுசன் மக கல்யாணத்தப் பாக்கவே இல்லையா?"

"இல்லைங்க."

"சரண்யா கல்யாணத்த நான் எதுல பாத்தேன்?"

சரண்யா அவனுடைய ஒரே தங்கை. லீவு கிடைக்காமல் அவன் வராத கல்யாணம் அது. சத்யபிரியா எடிட் செய்து அனுப்பியதை ஷார்ஜாவில் போனில்தான் பார்த்தான்.

"நீங்க வெயில்ல போயி வாங்குன பில்லுங்க. ஒங்க வெள்ளிக்கெழம வீணாப் போச்சே."

"வெள்ளிக்கெழம அடுத்த வாரமும் வரும் பிரியா. ஒடைக்கச் சொல்லிரு."

கோபிநாத் உடைத்தார். நான்கு நாள் ஆனது. வரவேற்பில் பாதி போய்விட்டது, சாப்பாட்டுப் பந்தி முழுக்கப் போய்விட்டது. கோயில் மட்டும் முழுசாக வந்தது. அதன் பிறகு அந்த டிரைவ் எதற்கும் ஆகவில்லை. சத்யபிரியா மூன்று நாளில் எடிட்டிங்கை முடித்து, இரண்டு பென்டிரைவில் நகல் போட்டுக்கொண்டு, அறந்தாங்கியில் பஸ் மாறி ஜெகதாப்பட்டினம் போனாள். போனதும் நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "பந்தியில என்ன இருக்கு, தின்னவுகளுக்குத் தெரியும். போடு ஆத்தா" என்றாள் சந்தனமேரி.

சவரிமுத்து டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம், மடித்துக் கட்டிய கைலி. பெண் அலங்காரம் வந்தபோதும், சொந்தக்காரர்கள் வரிசையாகக் காரிலிருந்து இறங்கியபோதும் உட்கார்ந்தபடியே பார்த்தார். கோயில் வாசலில் ஷர்லி வந்து நின்றாள். பாட்டு தொடங்கியது. பெண் உள்ளே அடியெடுத்து வைத்ததும் கோயிலில் இருந்த எல்லாரும் எழுந்தார்கள்.

சவரிமுத்துவும் எழுந்தார். மடித்த கைலியைக் கால்வரை இறக்கிவிட்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். கையைக் கட்டிக்கொண்டு, ஷர்லி பலிபீடத்துக்குப் போய்ச் சேரும்வரை நின்றார். சாமியார் தாலியை மந்திரித்த பிறகும் உட்காரவில்லை. தாலி கட்டி முடிகிறவரை நின்றார். சந்தனமேரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். பென்டிரைவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சத்யபிரியாவும் எழுந்துவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் செம்மலைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு சமாளித்துக்கொண்டு சிரித்தான்.

"அப்ப இந்தப் பில்லு இனிமே எதுக்கு? கிழிச்சுப் போட்டுறவா?"

"கை வைக்காதீங்க. அது டப்பாவுக்கு வேணும்."

"சரிம்மா, வச்சுக்க. நம்ம ரூம் செந்தமிழன் அடுத்த மாசம் ஊருக்கு வாரான், அவன்ட்ட குடுத்து..."

"யாருட்டயும் குடுத்து விட வேணாம்" என்றாள் சத்யபிரியா. "நீங்களே கொண்டாங்க."