பொன்னுருக்கு நாளில் பீப்பீ ஊதிய குழல்

எனக்கு எண்பத்தாறு வயது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. இரண்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதனால் எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். சங்கதியில் பிழை இராது.

இது நடந்தது இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இரண்டு மூன்று வருடம் முந்தி, ஓர் ஆவணி மாதம். அளவெட்டிக்கும் தெல்லிப்பழைக்கும் இடையில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் நகை செய்யும் பத்தர். வீட்டோடு ஒட்டிய ஒரு சின்னத் தாழ்வாரப் பத்திதான் பட்டறை. அப்போது எனக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு நாலு.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன்னம் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்குவார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு தங்கப் பவுன் காசைக் கொடுக்க, எல்லாரும் பார்த்திருக்கப் பத்தர் அதை உருக்கிக் காட்டவேண்டும். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது. குறித்த நேரத்துக்குள் பவுன் உருகாவிட்டால் கலியாண வீட்டுக்கே மனம் குழம்பிவிடும். அந்தப் பத்தரிடம் பிறகு ஒருவரும் தாலிக்கு வரமாட்டார்கள். சிலர் பத்தரைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், சிலர் பட்டறைக்கே வருவார்கள். அதுவரை இந்த வேலைகளை என் மாமனார்தான் செய்துவந்தார். அவர் காலமாகி ஒரு வருடம் கழித்து என் வீட்டுக்காரரை நம்பி வந்த முதல் பொன்னுருக்கு இது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவருக்கு மாரி காலத்தில் முட்டு வரும். நெஞ்சு இழுக்கும், குழல் ஊத ஏலாது. குழல் என்றால், நெருப்பை ஒரே இடத்தில் குவிய ஊதுகிற பித்தளைக் குழல். அந்த நாட்களில் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு நான்தான் ஊதுவேன். மூக்கால் மூச்சை எடுத்துக்கொண்டு கன்னத்தால் விடாமல் ஊதவேண்டும். பழகும் வரைக்கும் இரண்டு கன்னமும் விண் விண் என்று வலிக்கும். பட்டறைச் சாமானில் பெண்கள் கை வைக்கக்கூடாது என்பது மாமனாரின் கட்டளை. ஆகவே நான் ஊதுவது வெளியில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு அது வெட்கம். எனக்கு உள்ளுக்குள் பெருமை.

பொன்னுருக்குக்கு முதல்நாள், இரண்டு குழலோடு பட்டறைச் சாமான்களை எல்லாம் பழப்புளி போட்டு மினுக்கி, முற்றத்துப் பாயில் காயவைத்தேன். வருகிற ஆட்களுக்குப் பலகாரம் சுடவேண்டுமே. மா இடிக்கப் போய்விட்டேன். பிள்ளைகள் இரண்டும் காலுக்குள் நின்று புரண்டார்கள்.

"ஒரு பக்கத்திலை இருந்து விளையாடுங்கோ, என்னை ஆய்க்கினைப்படுத்தாதையுங்கோ" என்று கலைத்துவிட்டேன்.

அந்தக் கிழமைதான் கோயில் திருவிழா முடிந்திருந்தது. பிள்ளைகளின் வாயில் எந்நேரமும் நாதஸ்வரமும் தவிலும்தான். கொஞ்ச நேரத்தில் பீப்பீ என்று சத்தம் கேட்டது. பூவரசம் இலையைச் சுருட்டி ஊதுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தது சரி. எதற்குள் செருகி ஊதுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை.

பின்நேரம் மூத்தவள் ஓடிவந்து, "அம்மா, அப்பாவின்ரை சாமானெல்லாம் நான் சீலையிலை சுத்தி வைச்சிட்டன்" என்றாள். பார்த்தால் பட்டுத் துணியில் சுற்றி, முடிச்சும் போட்டு, அவ்வளவு வடிவாக வைத்திருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சர்க்கரை போட்ட மாவில் ஒரு உருண்டை பிடித்து அவளுக்குக் கொடுத்தேன். அந்த முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலமை மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வண்டிலில் வந்தார்கள். மாப்பிள்ளை, தகப்பன், தாய்மாமன், நாலைந்து பெண்கள். அவர்களுக்குள் பெரிய ஆள் மாப்பிள்ளையின் தகப்பனுக்குத் தமக்கை. எல்லாரும் அவரைப் பெரியமாமி என்று கூப்பிட்டார்கள். அவர் பாயில் இருந்த பிறகுதான் மற்றவர்கள் இருந்தார்கள். நிறைகுடம் சரியோ, வெற்றிலை நுனி எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டு முறை மூக்கைச் சுளித்தார்.

தகப்பன் பவுனைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதை மண் கிண்ணத்தில் வைத்துக் கரியும் உமியும் மூட்டினார். முடிச்சை அவிழ்த்துக் குழலை எடுத்து வாயில் வைத்து ஊதினார்.

"பீ...ஈ...ஈ."

இவர் குழலை எடுத்துப் பார்த்தார். திரும்பவும் ஊதினார். "பீப்" என்று ஒரு கத்தல், அதற்குப் பிறகு காற்றே இல்லை.

"என்ன பத்தர்," என்றார் பெரியமாமி, "பொன் உருக முன்னமே மேளம் தொடங்கியிட்டுதோ?"

பின்னால் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். இவருக்குக் காது சிவந்துவிட்டது. மற்றக் குழலை எடுத்தார். அது கருவாடு போலத் தட்டையாக இருந்தது. அதை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் கதவு நிலைக்குப் பின்னாலிருந்து மூத்தவளின் குரல் வந்தது.

"அப்பா, உப்பிடி ஊதினால் வராது. வாயை இறுக்காமல் ஊதுங்கோ. நேற்று எனக்கு நல்லாய் வந்தது."

"நேற்றோ?"

"ஓம். பூவரசம் இலைச் சீவாளி நான்தான் செருகினனான். ஒண்டு உள்ளுக்கை போயிட்டுது, பிறகு வேறை வைச்சனான். மற்றக் குழல் தம்பியின்ரை தவில் கம்பு."

இளையவனும் முன்னுக்கு வந்தான். "அது வளைஞ்சு கிடந்தது அப்பா. நான் பட்டடை இரும்பிலை வைச்சு அடிச்சு நேராக்கினனான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். இரண்டு கையும் குறடு பிடிக்க வேண்டுமென்று, வாயால் கவ்வி ஊதுவதற்காக வளைத்துச் செய்த குழல் அது.

எனக்குக் கை தானாக ஓங்கியது.

"பொன்னுருக்கிற இடத்திலை பிள்ளையளை அழப்பண்ணாதையும் பிள்ளை!" பெரியமாமி போட்ட சத்தத்தில் ஓங்கிய கை அப்படியே நின்றது.

தாய்மாமன் மடியில் இருந்த மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். "இருபது நிமிசம்தான் கிடக்கு. வண்டில் பூட்டினபடி நிக்குது. பவுனை எடுங்கோ, அடுத்த ஊர்ப் பத்தரிட்டைப் போவம்."

அந்த வண்டில்கள் எங்கள் வாசல் படலையைத் தாண்டினால், என் மாமனார் ஐம்பது வருடம் வைத்திருந்த பேரும் அதோடு போகும். நான் குசினிக்குள் ஓடினேன். அடுப்பு ஊதுகிற இரும்புக் குழலை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்து இவரிடம் நீட்டினேன்.

"அடுப்படிக் குழலோ?" என்று ஒரு பெண் கேட்டாள்.

இவர் அதை வாங்கி ஊதினார். வாய் அகன்ற குழல், காற்று குவியவில்லை. சாம்பல்தான் கிளம்பியது. தாய்மாமனின் வெள்ளைச் சால்வை நரைத்துப்போனது. ஒரு கையால் குழலும் மற்றக் கையால் குறடும் பிடிக்க இவர் படாத பாடு பட்டார். சாம்பல் நெஞ்சுக்குள் போய் இருமல் தொடங்கியது. பவுன் அசையாமல் கிடந்தது.

பெரியமாமி பவுனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கேன் பிள்ளை கன்னம் உப்புது?"

எனக்குத் தெரியாமலே நானும் இவரோடு சேர்ந்து வெறும் வாயால் ஊதிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"உமக்கு ஊதத் தெரியுமோ?"

இவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு இருமினார். இல்லை என்று சொன்னால் இவருடைய மானம் அந்த நேரத்துக்குத் தப்பும், பொன்னுருக்குத் தப்பாது. "ஓம்" என்றேன்.

"பொம்பிளை ஊதி உருக்கின பொன்னோ?" தாய்மாமன் எழும்பிவிட்டார். "பொம்பிளை வீட்டார் அறிஞ்சால் என்ன சொல்லுவினம்?"

"இரும் காணும்," என்றார் பெரியமாமி. "தாலி ஆருக்குக் கட்டிறது? உமக்கோ? கழுத்திலை தாலியோடை, உந்த ரெண்டு குழப்படியளையும் பெத்து வைச்சிருக்கிறாள். இவள் ஊதாமல் வேறை ஆர் ஊதிறது? வாரும் பிள்ளை, இரும்."

அடுப்பு மெழுகக் குழைத்துவைத்த களிமண்ணில் ஒரு பிடி எடுத்துக் குழலின் நுனியில் அப்பினேன். காற்று குவிய நடுவில் ஓர் ஈர்க்குக் குச்சியால் துளை போட்டேன். இவருக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்து, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஊதினேன். அத்தனை பேர் முன்னால் ஊதுவது அதுதான் முதல் தடவை. ஆனால் மூச்சு தளரவில்லை. இவருக்கு இருமல் அடங்கியது. எனக்கு மட்டும் கேட்க, "இடப்பக்கம்... இன்னும் கொஞ்சம்... ஓம், அதுதான்" என்று சொல்லிச் சொல்லிக் குறடு பிடித்தார். கரி வெள்ளையாகப் பழுத்தது. பவுன் சிவந்தது, விளிம்பு தளர்ந்தது. அதிலிருந்த ராசாவின் தலை மெல்லக் கரைந்துபோனது. கடைசியில் எல்லாம் ஒரு சொட்டாக உருண்டு நின்றது.

"உருகியிட்டுது!" என்று கத்தியது மாப்பிள்ளை. அவ்வளவு நேரமும் வாய் திறவாத பிள்ளை. பெண்கள் குரவை இட்டார்கள். தாய்மாமன் மணிக்கூட்டைப் பார்த்தார், மடிக்குள் வைத்தார். "நேரத்துக்குள்ளைதான்" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

போகும்போது பெரியமாமி மூத்தவளைக் கிட்டக் கூப்பிட்டார். "எடியே, உன்ரை அம்மாவோடை கலியாணத்துக்கு வா. மெய்யான நாதஸ்வரம் கேக்கலாம். ஆனால் தொடப்படாது, சொல்லிப்போட்டன்."

அவர்கள் படலை தாண்டியதும் பூவரசந்தடி ஒன்றை முறித்துக்கொண்டு வந்தேன். இவர் கையை நீட்டித் தடியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"எத்தினை இலை செருகினனி?" என்று மகளிடம் கேட்டார்.

"ஏழு."

"ஏழோ!" என்றவர் சிரிக்கத் தொடங்கினார். பட்டறைக்குள் அவர் சிரித்து அதுவரை நான் கண்டதில்லை. இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். பிறகு ஒரு கம்பியைக் கொடுத்து இருத்தி, ஏழு இலையையும் அவளைக் கொண்டே எடுப்பித்தார். எடுத்து முடியப் பொழுதுபட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவள் குழலைக் கண்டால் விலகித்தான் நடப்பாள்.

அடுத்த மாரியில் இவருக்கு முட்டு வந்தபோது நான் வழக்கம்போல எழும்பிக் கதவைச் சாத்தப் போனேன். "திறந்து கிடக்கட்டும், காத்து வேணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தெருவால் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஊதிக்கொண்டே இருந்தேன்.

அந்தத் தாலி கழுத்தில் ஏறிய பெண் கோயிலில் என்னைக் கண்டால் தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டிச் சிரிப்பாள். பெரியமாமிதான் அவளுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

அதற்குப் பிறகும் பிள்ளைகளுக்கு அடிக்கவில்லை என்று பொய் எழுதமாட்டேன். எட்டுப் பேரை அடியாமல் வளர்க்க என்னால் முடியவில்லை. ஆனால் எதையாவது உடைத்துக்கொண்டு வந்து நின்றால், என்ன செய்ய வெளிக்கிட்டு உடைத்தாய் என்று முதலில் கேட்பேன். மெய்யாகச் சொன்னால் பாதி நேரம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், கை ஓங்காது. நான் வாயைத் திறந்து சொல்லத் துணியாத ஒன்றை என் பிள்ளைகளின் குழப்படி அன்று நாலு பேர் முன்னால் சொல்லவைத்தது. அதற்கு நான் இன்றைக்கும் அவர்களுக்குக் கடமைப்பட்டவள்.

எழுதி முடிக்க ஒன்பது நாள் எடுத்தது. பேத்தி பக்கத்தில்தான் இருக்கிறாள். மோனை, இந்தா, முதலிலையிருந்து ஒருக்கா வாசிச்சுக் காட்டு, பிழையிருந்தால் திருத்துவம். நான் ஊதின இடம் வரேக்கை மட்டும் கொஞ்சம் உரத்து வாசி.