வெயிலில் வைத்த விஆர் கண்ணாடி

'சாதாரண மக்களும் வாங்கக்கூடிய விலை' என்றது விளம்பரம். அண்ணன் தன் மோட்டார் சைக்கிளை விற்று, முகத்தில் மாட்டினால் வேறு உலகங்களைக் காட்டும் அந்த விஆர் கண்ணாடியை வாங்கினான். விளம்பரம் எண்ணிய சாதாரண மக்களை எங்கள் ஊரான விசுவமடுவில் நான் கண்டதில்லை.

ஆளுக்கொன்று வாங்க இயலாத ஊரில் ஒன்றை வைத்தே எல்லோருக்கும் காட்டிப் பிழைக்கலாம் என்று அவன் நம்பினான். தொழில் பிடித்துக்கொண்டால் கட்டாருக்கு வேலைக்குப் போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான்.

கோயில் திருவிழாவில், ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் கதிரையும் போட்டான். முதலில் வந்தவர் அயல் வயற்காரர்.

"தம்பி, உதுக்குள்ள கனடா தெரியுமோ?"

"ஓம் ஐயா, நயாகரா இருக்கு."

"விசா கேக்க மாட்டாங்களோ?"

வரிசை சிரித்தது. பொழுதுபடுவதற்குள் திருநீறும் சந்தனமும் தலையெண்ணெயும் முகம் பதியும் பஞ்சில் ஊறிவிட்டன. ஒரு பெண் அதை மூக்கருகே கொண்டுபோய், அப்படியே மேசையில் வைத்தாள். "ஊராற்றை வேர்வையை நான் ஏன் பூசுவான்?" அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களும் கலைந்தார்கள்.

மறுநாள் அண்ணன் எழும்புமுன் அம்மா கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, முற்றத்துப் பாயில், செத்தல் மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்தார். மணக்கும் எதையும் வெயிலிடம் ஒப்படைப்பதே எங்கள் வீட்டு வழக்கம். தலையணைகளும் என் புத்தகப்பையும் அப்படித்தான் காய்ந்தன. கண்பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது. உள்ளிருந்த வில்லைகள் வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டுவிட்டன. அன்று மாலை நயாகராவின் நடுவே மஞ்சள் புள்ளிகள் நின்றன. எந்தக் காட்சிக்கு மாற்றினாலும் அவை அங்கேயே நின்றன.

கிளிநொச்சியில் திருத்துபவர் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திரை மாத்திற காசுக்குப் புதுசே வாங்கலாம்."

"வேர்வை மணந்துது. காயட்டும் எண்டுதானே வச்சனான்," என்றார் அம்மா. அண்ணன் கடவுச்சீட்டைத் தேடி அலுமாரியைத் திறந்தான்.

இப்போது அந்தக் கண்ணாடியின் விலை இன்னும் குறைந்துவிட்டதாம். சாதாரண மக்கள் இன்னும் சாதாரணமாகியிருக்க வேண்டும்.

கட்டாரில் அவன் கட்டட வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமைகளில் அழைப்பான். போன கிழமை அம்மா கேட்டார்: "அங்க வெயில் கூடவோ, தம்பி?"

"ஓம் அம்மா. நல்லாக் காயலாம்."

அம்மா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போனார்.