கோல்ஃப் மாஸ்டரின் ஹாக்கி டீம்

போன மாதம் வேங்கிக்காலில் என் மகன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். மண் அள்ளிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி எதையோ உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். "இது இன்னா முட்டைங்க அய்யா? பாம்பு முட்டையா?"

வாங்கிப் பார்த்தேன். பழுப்பேறிய சின்னப் பந்து, மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக. முகர்ந்துகூடப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். வந்தது என்னவோ மண் வாசனைதான். ஆனால் எனக்கு தேவராஜ் மாஸ்டரின் தோல் பை வாசனை வந்துவிட்டது.

அறுபதுகளில் இந்த இடம் வெறும் பொட்டல், சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். பிற்பாடு இழுத்து மூடப்பட்ட ஒரு கல்லூரிக்கு இந்தப் பொட்டல்தான் மைதானம். நான் அங்கே டைப்பிஸ்ட். டைப் அடிப்பதைவிட அடுத்தவர் கதை கேட்பதில் எனக்கு வேகம் ஜாஸ்தி.

மாஸ்டர் ஆளுயரத் தோல் பையோடு பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். நாதஸ்வரம் என்று நினைத்து, "கச்சேரி கோயில்லயா, கல்யாணத்துலயா?" என்று கண்டக்டர் விசாரித்தாராம். உள்ளே இருந்தது கோல்ஃப் மட்டைகள். சின்ன வயதில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டைப் பை சுமந்து, பார்த்துப் பார்த்தே ஆடக் கற்று, அதையே தொழிலாகக் கொண்டு பந்தயங்களில் ஆடியவர் அவர். இங்கே வந்ததோ ஹாக்கி கோச்சாக!

எப்படி என்கிறீர்களா? எங்கள் கரஸ்பாண்டென்ட்டுக்குக் கீழ்பென்னாத்தூரில் எண்ணெய் மில். மெஷின் வாங்க பெங்களூர் போனவர், கோல்ஃப் மைதானத்து வேலிக்கு வெளியே நின்று, இவர் பந்தடிப்பதைப் பார்த்துவிட்டார். "அங்கயும் குச்சி, பந்து. இங்கயும் குச்சி, பந்து. அவ்ளோ தூரம் அடிக்கிறவன் நம்ம பசங்களுக்குச் சொல்லித்தர மாட்டானா?" என்றார். "எனக்கு ஹாக்கி தெரியாதுங்க" என்று மாஸ்டர் சத்தியமாகச் சொல்லியிருக்கிறார். "அடக்கத்தப் பாருய்யா!" என்று கரஸ்பாண்டென்ட் ஊர் திரும்பிய கையோடு ஆர்டர் அனுப்பிவிட்டார். அதை டைப் அடித்த பாவி நான்தான். ஒரு வருஷம் தற்காலிகம். வருஷக் கடைசியில் வேலூர் டீமை ஜெயித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

அவரிடம் ஆட்டம் கற்றுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போனபின் அவருக்குப் பிழைப்பு இல்லை. பெங்களூரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். "நிரந்தர வேலைங்கறது எங்க வம்சத்துலயே கெடையாது சார். இது கெடச்சா கொழந்தைங்கள இங்க கூட்டியாந்துடுவேன்" என்பார். வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முந்தி ஹாக்கி படித்தார் மனுஷன்.

சாயங்காலம் எல்லாரும் போனபின் தன் மட்டையை எடுப்பார். சாமியே மலையாக நிற்கிற ஊர் எங்களுடையது; அந்த மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அடிப்பார். "சாமிய குறி பாத்து அடிக்கறதா சார்?" பந்து பொறுக்க நான் ஓடுவேன். சும்மா ஓடுவேனா? ஓடி வந்து ஆயிரம் கேள்வி கேட்பேன்.

ஒரு நாள் பந்து கொல்லைக்குள் போய்விட்டது. நான் செடியை விலக்கி விலக்கித் தேடுகிறேன், அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "போதும் வாங்க சார். அஞ்சு நிமிஷம் ஆச்சு. அதுக்கு மேல தேடக்கூடாது, அது சட்டம். தொலஞ்சதுன்னு ஒத்துக்கணும்."

"இங்க யார் மாஸ்டர் பாக்கறாங்க?"

"நாம பாக்கறோமே."

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். பெரிய பந்தயம் ஒன்றில் இவர் மட்டையைப் பக்கத்தில் வைத்தபோது பந்து மயிரிழை நகர்ந்ததாம். யாரும் பார்க்கவில்லை. இவரே போய்ச் சொல்லி, தன் கணக்கில் ஓர் அடி கூட்டிக்கொண்டார். குறைவாக அடித்தவனுக்குத்தானே அதில் ஜெயம், அந்த ஒரே அடியில் கோப்பை போயிற்று. பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன். இதையே டீமுக்கும் சொல்லிக்கொடுத்தார்: "தப்பு பண்ணா கைய தூக்கு. நடுவர் பாக்கலன்னாலும் தூக்கு." பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

வேலூரோடு ஆட்டம் வந்தது. ஆளுக்கு ஒரு கோல். முடியப் போகிற நேரத்தில் எங்கள் கேப்டன், கீழ்பென்னாத்தூர் ஏழுமலை, கோல் போட்டான். கோல் என்று நடுவர் விசில் ஊதிவிட்டார். கரஸ்பாண்டென்ட் துண்டைத் தூக்கி ஆகாயத்தில் வீசினார். நான் பக்கத்திலிருந்த யாரையோ கட்டிக்கொண்டேன். ஏழுமலை மட்டும் அசையாமல் நின்றான். பிறகு கையைத் தூக்கினான்.

"பந்து என் கால்ல பட்டுச்சு சார்."

கோல் செல்லாது என்றார்கள். அடுத்த இரண்டாம் நிமிஷம் வேலூர்க்காரன் ஒன்று போட்டான். தீர்ந்தது. "அரிச்சந்திரன் பேரனாடா நீ!" என்று கூட்டம் கத்தியது. "குச்சி புடிக்கச் சொல்லித் தாய்யான்னா, சத்தியம் பண்ணச் சொல்லித் தந்திருக்கான்!" என்று கரஸ்பாண்டென்ட் என் மேஜையில் குத்தினார். அன்றைக்கே மாஸ்டரை வேலையைவிட்டு அனுப்பும் ஆர்டர் டைப் ஆயிற்று. நாலு வரியில் மூன்று தப்பு அடித்தேன்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். தோல் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டுமே, "உங்க பேர ஏழுமலை காப்பாத்திட்டான் மாஸ்டர்" என்றேன்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "அவன் பேரத்தான் காப்பாத்திக்கிட்டான். பந்து கால்ல பட்டத நானும் பாத்தேன் சார். தூக்காதடா, கைய தூக்காதடான்னு மனசுக்குள்ள கெஞ்சினேன். மலைய பாத்து வேற கும்புட்டேன்."

பை வாரின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொடுத்தேன்.

"இத அவன்கிட்ட சொல்லாம ஊருக்குப் போவ முடியாது" என்றார். பெங்களூர் பஸ் ஏறவேண்டியவர், பையைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தேன். பிறகு அவரைப் பார்க்கவேயில்லை. நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

இப்போது அந்தப் பொட்டல் இல்லை, மல்லாட்டைக் கொல்லை இல்லை. அவர் முதுகைக் காட்டி நின்ற மலையைப் பார்க்க மாடி ஏறவேண்டியிருக்கிறது.

"தூக்கிப் போட்டுடட்டுமாங்க?" என்றாள் அந்த அம்மாள். வேண்டாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று தொலைந்த பந்து இதுதானா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன், அவரோடு பழகிய தோஷம். ஐந்து நிமிஷம்தான் தேடலாம் என்பது சட்டம். இருந்தாலும் பெங்களூரிலிருந்து யாராவது வந்தால் இன்றைக்கும் தேவராஜ் என்று ஒருவரைத் தெரியுமா என்று கேட்கிறேன்.