தம்பிக்கு ஆகாத ரெசின்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். முன்பக்கம் ஷெட், பின்பக்கம் இரண்டு அறைகள். ஃபைபரில் பாத்ரூம் கதவு, தண்ணீர்த் தொட்டி, பஸ் டாஷ்போர்டு என்று எது கேட்டாலும் செய்து கொடுப்போம். வேலை செய்தது அக்காவான நானும் என் தம்பியும்தான். ஆர்டர் பிடிப்பது, சாமான் வாங்குவது, ரெசின் என்கிற பிசினைக் கலப்பது என் பங்கு. கண்ணாடி இழைப் பாயான மேட்டை விரித்து ரெசின் ஏற்றுவது, காய்ந்ததைத் தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது அவன் பங்கு. எனக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகி நின்று போனது. அவன் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எனக்கும் சேர்த்து பிரியாணி வாங்கி வருவான். அதுதான் எங்கள் குடும்பம்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு டெம்போவில் அந்தப் படகு வந்தது. ஊருக்குக் கிழக்கே இருக்கும் ஏரி ஒன்றில் ஆகாயத்தாமரை அள்ளும் காண்ட்ராக்டருடையது. களை எடுக்க மட்டும் இல்லை, யாராவது தண்ணீரில் விழுந்தாலும் அதைத்தான் இறக்குவார்கள். கூடவே படகோட்டியும் வந்தான். கோலார் பக்கத்துத் தமிழன், முப்பது வயதிருக்கும். வலது தொடையில் கட்டுப் போட்டிருந்தான். படகின் மேல்தளமான டெக்கின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை, அதன் விளிம்பெல்லாம் பல் பல்லாக உடைந்திருந்தது.

என்ன ஆயிற்று என்று தம்பி கேட்டான். படகோட்டி தயங்கித் தயங்கிச் சொன்னான். ஒரு பெண் கரையிலிருந்து தவறி விழுந்திருக்கிறாள். படகை எடுத்துப் பக்கத்தில் போய்விட்டான். துடுப்பை நீட்டுவதற்காக எழுந்து ஒரு அடி வைத்தபோது டெக் உடைந்து கால் உள்ளே போய்விட்டது. ஃபைபர் விளிம்பு தொடையில் குத்தி நின்றதில் காலை உருவ முடியவில்லை. அவள் கை அவன் கண்ணுக்கு எதிரிலேயே தண்ணீருக்குள் போயிருக்கிறது.

"எட்டுற தூரந்தான்க்கா. ஆனா கால் வரல" என்றான்.

பிறகு படகைத் தட்டிக் காட்டி, வேறெதுவும் வேண்டாம், மேலே பளபளப்பு வேண்டாம், கால் இறங்கக்கூடாது, ஈரத்தில் வழுக்கக்கூடாது, ஸ்வல்ப, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனான்.

தம்பி அன்றைக்குச் சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. கிரைண்டரை எடுத்து டெக்கின் மேல்தோலை அறுக்க ஆரம்பித்தான். உள்ளே பிளைவுட் இருந்த இடத்தில் கறுத்த நாராக ஏதோ இருந்தது. கையில் அள்ளினால் பிழியலாம். எப்போதோ யாரோ ஒரு கொக்கியைத் திருகி, அந்தத் துளையை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதன் வழியாக வருஷக்கணக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அழுகல் ஓட்டையோடு நிற்கவில்லை, முன்முனை வரைக்கும் ஓடியிருந்தது. முழு டெக்கையும் கழற்ற வேண்டியதாயிற்று.

எந்த ரெசின் போடுவது என்பதில் எங்களுக்குள் பேச்சு வந்தது. நாங்கள் கதவுக்கும் தொட்டிக்கும் போடுவது சாதாரண பாலியெஸ்டர். புதிதாக வார்க்கும்போது அது போதும். ஆனால் பல வருஷம் முன்னால் காய்ந்து இறுகிப்போன பழைய ஃபைபர் மேல் அதைப் பூசினால் அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு நாள் தோலாக உரிந்து வரும். பழையதோடு நன்றாக ஒட்டுவது எபாக்ஸிதான். மனிதர் நிற்கிற டெக்குக்கு எபாக்ஸியே போட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் எபாக்ஸி அவனுக்கு ஆகாது. இரண்டு வருஷம் முன்னால் ஒரு வேலையில் கண்ணிமைகள் இட்லி மாதிரி வீங்கி, கழுத்தெல்லாம் வெடித்து நீர் வடிந்தது. தோல் டாக்டர் இனி அதன் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் எபாக்ஸி வேலையை நானே செய்கிறேன், நீ உள்ளே வராதே என்றேன். அவன் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய டெக்கை ஒற்றை ஆளாக, ரெசின் இறுகுவதற்குள் முடிக்க முடியாது என்றான். அவன் சொன்னது சரிதான்.

கடைசியில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வினைல் எஸ்டருக்கு வந்தோம். பாலியெஸ்டரை விடப் பிடிப்பு அதிகம், தண்ணீர் தாங்கும், அவன் தோலையும் அரிக்காது. இன்னொரு வசதியும் இருந்தது. எபாக்ஸி மேல் ஜெல்கோட் என்கிற மேற்பூச்சு சரியாக நிற்காது, வினைல் எஸ்டர் மேல் நிற்கும். பிளைவுட்டுக்குப் பதிலாக அழுகாத ஃபோம் பலகை வாங்கினோம்.

படகை உலர்த்துவதற்குள் உயிர் போய்விட்டது. தினமும் மழை. ஷெட்டில் ஹாலோஜன் விளக்கு போட்டு, டேபிள் ஃபேன் வைத்து, அடிப்பாகத்தை ஈரமில்லாமல் ஆக்கினோம். அவன் பழைய ஃபைபரின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்துக்கொண்டே போனான். புது மேட் பழையதன் மேல் அகலமாக ஏறி உட்கார வேண்டும், செங்குத்தாக ஒட்டினால் அந்த இடத்தில்தான் மறுபடி விடும். அவன் தலை, புருவம் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. இருமினான். ஒரு வருஷமாகவே இருமல் இருந்தது. பெங்களூரு குளிர் என்று நானும் அவனும் பேசி வைத்திருந்தோம். பக்கத்து கிளினிக்கில் வாயில் வைத்து உறிஞ்சும் பஃப் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்வான்.

மேட் ஏற்றிய அன்று நான் கலந்து கொடுக்கக் கொடுக்க அவன் ரோலரால் காற்றுக் குமிழை நசுக்கிக்கொண்டே போனான். காய்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு டெக்கின் மேல் ஏறி, ஓட்டை இருந்த இடத்தில் குதித்தான். மறுபடி குதித்தான். கல் மாதிரி நின்றது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் அந்தப் பெண்ணை நினைத்துத்தான் குதித்தான் என்று எனக்குத் தெரியும்.

மேற்பூச்சில்தான் எல்லாம் கெட்டது. உயிர் காக்கிற படகு, தூரத்திலிருந்து தெரிகிற ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்று காண்ட்ராக்டர் போனில் சொன்னார். நாங்கள் ஜெல்கோட்டில் ஆரஞ்சு கலந்து பிரஷ்ஷால் பூசினோம். அன்று மத்தியானம் சாரல் உள்ளே அடித்தது. ஜெல்கோட் காயவே இல்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் விரல் வைத்தால் பாகு போல ஒட்டியது. முழுவதையும் அசிட்டோன் போட்டுத் துடைத்துச் சுரண்டி எடுத்தோம். அந்த வாசனையில் அவன் அடிக்கடி வெளியே போய் நின்று வந்தான்.

மறுபடியும் ஜெல்கோட்டே பூசலாம், வெயில் வரட்டும் என்றேன். காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். ஜெல்கோட் ஆரஞ்சு ஒரே வெயிலில் வெளுத்துவிடும், இன்னொரு படகில் பார்த்துவிட்டேன், இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பி.யு. பெயின்ட் போடுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. வெயிலுக்கும் தேய்மானத்துக்கும் அதைப் போல எதுவும் நிற்காது. தம்பி உடனே சரி என்றான். பஸ் சாமானுக்கு அவன் வழக்கமாக அடிக்கிற பெயின்ட்தான் அது.

அந்தப் பெயின்ட்டை இறுகவைக்க இரண்டாவது டப்பாவில் வருகிற ஹார்ட்னர் நுரையீரலுக்குக் கெடுதல், நல்ல மாஸ்க் இல்லாமல் அடிக்கக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். மாஸ்க் இருந்தது. அதில் மாட்டுகிற வடிகட்டி தீர்ந்து போயிருந்தது. சிவாஜிநகரில் ஒரு கடையில் கிடைக்கும். நான் போய் வாங்கி வருகிறேன், அதற்குள் டெக்கைத் துடைத்து வை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் கடையில் நின்றபோது வெயில் வந்தது. வாரக்கணக்கில் பார்க்காத வெயில், தெருவெல்லாம் ஆவி பறந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது ஷெட்டின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தம்பி வெளியே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தான். தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்கின. உதடு நீலமாக இருந்தது. கையெல்லாம் ஆரஞ்சு. முகத்தில் ஒரு கைக்குட்டையை மடித்துக் கட்டியிருந்தான், அது கழுத்துக்கு இறங்கியிருந்தது. பஃப் மருந்து பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

ஆட்டோவில் ஏற்றினேன். போகும் வழியில் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். காதைக் கிட்டே கொண்டு போனேன்.

"வெயில் போய்டும்னு அடிச்சேன்க்கா. பாதிதான் ஆச்சு. கோடு விழுந்துடும்."

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய் மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். நான் வெளியே வடிகட்டி இருந்த கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைத்துவிட்டான். வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டரம்மா எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு பேசினார். இது குளிரால் வந்த இருமல் இல்லை, அந்த ஹார்ட்னர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டது என்றார். இனி ஒரு துளி வாசனை போதும். மற்ற கெமிக்கல் வாசனைகளும் தூண்டிவிடும். வேலையை விட வேண்டும். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஷெட்டுக்குப் பின்னால் என்று நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"அப்ப வீட்டையும் விடணும்" என்றார்.

தம்பி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மீதிப் பாதி டெக்கை நானே மாஸ்க் போட்டு அடித்தேன். ஈரமாக இருக்கும்போதே வழுக்காமலிருக்க அவன் தன் பாதியில் தூவியிருந்தது போலவே மணலைத் தூவி, மேலே இன்னொரு கோட் கொடுத்தேன். அவன் பயந்த மாதிரி குறுக்கே கோடு விழுந்தது. ஒரு பக்கம் ஒரே சீராக இருந்தது, அது அவன் அடித்தது. என் பக்கம் தடிப்பாகவும் திட்டாகவும் இருந்தது. படகோட்டி வந்து வெறுங்காலோடு ஏறி நடந்து பார்த்தான். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் டெக்கைத் தடவினான். அண்ணன் எங்கே என்று கேட்டான். சொன்னேன். டெம்போவில் ஏற்றும்போது அவன் படகின் விளிம்பு எதிலும் இடிக்காமல் கையை வைத்துத் தாங்கிக்கொண்டே போனான்.

தம்பியை நீலசந்திராவில் சித்தி வீட்டு மாடி அறைக்கு அனுப்பினேன். கொஞ்ச நாள் நான் ஷெட்டை மூடிவிடலாமா என்று யோசித்தேன். எனக்கு வேறு வேலை தெரியாது, அவன் மருந்துக்கும் வேண்டும். பி.யு. பெயின்ட்டை விட்டுவிட்டேன். கதவும் தொட்டியும் மட்டும் செய்கிறேன். அவன் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தான். அந்த டோனர் தூளும் ஒத்துவராமல் நின்றுவிட்டான். இப்போது ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன். படி ஏறினால் நடுவில் இரண்டு முறை நிற்கிறான்.

முதல் கிறிஸ்துமஸுக்கு அவனைப் பார்க்கப் போனேன். தலைக்குக் குளித்து, கடையிலிருந்து அன்று வாங்கி வந்த புடவையைக் கட்டிக்கொண்டு, பலகாரத்தைக்கூட வீட்டில் செய்யாமல் வெளியே வாங்கிக்கொண்டு போனேன். சித்தி காபி கொடுத்தாள். அவன் என் எதிரில் உட்கார்ந்து, மெலிந்துவிட்டாய் என்று என்னைச் சொன்னான். பேசிக்கொண்டே இருந்தவன் இரும ஆரம்பித்தான். முதலில் தண்ணீர் குடித்தான். பிறகு ஜன்னலைத் திறந்தான். என்னிடம் எங்கே அந்த ஷெட் வாசனை ஒட்டியிருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தலைமுடியிலா, கைப்பையிலா, செருப்பிலா.

"ஒண்ணும் இல்லக்கா, உக்காரு" என்றான். மூச்சில் விசில் கேட்டது.

நான் கிளம்புகிறேன் என்று எழுந்தேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. தெருவில் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான். கீழிருந்து நான் போன் போட்டேன், மேலிருந்து அவன் எடுத்தான். அப்படியே நின்று, இரண்டு ஸ்கூட்டர்களுக்கு வழி விட்டுக்கொண்டே, சித்தி வீட்டுத் தண்ணீர் மோட்டார் பற்றியும் அவனுக்கு மாற்றிய இரவு ஷிப்ட் பற்றியும் பேசினோம். இப்போதும் எங்களுக்கு அதுதான் பழக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் போகிறேன். மாடிக்கு ஏறுவதில்லை.