வேலிப் பொட்டில் வைத்த மீன்தலை

சண்டை திரும்பவும் தொடங்கி, எங்கள் தீவின் கடற்கரைச் சனம் உடுத்த துணியோடு ஓடிப்போன வருடம் அது. சாட்டிக் கடற்கரைப் பக்கம் ஆளில்லாத ஒழுங்கையொன்றில் கிடந்ததென்று, என் மனுசன் சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி ஒரு நாயைக் கொண்டுவந்து இறக்கினார். எட்டிப் பார்த்தேன். தோலும் எலும்பும், மிச்சத்துக்குச் சொறி. கழுத்தில் அறுந்த நைலோன் கயிறு சதைக்குள் புதைந்து புழு வைத்திருந்தது.

"மனுசருக்கே சாப்பாட்டுக்கு வழியில்லை. இதை ஏன் கொண்டந்தனீங்கள்?"

"பாவமப்பா. புண் மாறினவுடனை ஆருக்கும் குடுப்பம்."

அவருக்கு உலகத்தில் எல்லாமே பாவம். கழுவித் துடைக்கிறது நான்.

கயிற்றை வெட்டினேன். புழுவை ஒவ்வொன்றாக எடுத்தேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினேன். அதற்கு ஒரு வாலாட்டலாவது? ம்ஹூம். கஞ்சி வைத்தால், நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை வாய் வைக்காது. நானும் கதவு நீக்கலால் பார்த்துக்கொண்டே நிற்பேன். நான் அதை நம்பவில்லை, அது என்னை நம்பவில்லை. அந்த நாட்களில் தீவில் யார்தான் யாரை நம்பினார்கள்?

புரட்டாதிச் சனி, நவராத்திரி, கந்தசட்டி என்று விரதத்தின்மேல் விரதம் வந்த காலம். எங்கள் வாசல் படலைக்குள் மீன் வராது. நாய்க்கும் எங்கள் சாப்பாடுதான். கஞ்சியை மணந்து பார்த்துவிட்டுப் பாதியோடு விட்டுவிடும். ஆனாலும் தேறிக்கொண்டு வந்தது. சொறி காய்ந்தது, மயிர் முளைத்தது, விலா எலும்பு மறைந்தது. என் கஞ்சியில் இவ்வளவு சத்தா என்று எனக்கே சந்தேகம். ஒருநாள் காலை, காயத்தைப் பார்க்கிற சாட்டில் அதன் வாயை மணந்து பார்த்தேன். மீன்!

பின்வேலி ஓலை பிய்ந்து நாய் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பொட்டடியில் ஒரு சிரட்டை. உள்ளே அவித்த மீன்தலையின் முள். அப்போதெல்லாம் நாய் குரைத்தால், ரோந்து போகிற நேவிக்காரர் நின்று வளவுக்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். குரைக்கிற நாயென்றால் அயலட்டைக்கு ஆகாது. கொஞ்சம் முன்னர்தான் எங்கள் ஒழுங்கையில் ஒரு நாய் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. நஞ்சு மருந்து வைத்தது யாரென்று எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம்.

எனக்கு மட்டும் சந்தேகமே இல்லை. பின்வேலிக்கு அப்பால் வெறுமையாய்க் கிடந்த வீட்டில், கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்த பெண்ணொருத்தி வந்திருந்தாள். வந்த நாள் தொடக்கம் வேலிக்கு மேலால் ஒரே விசாரணை. "நாய் சாப்பிட்டதோ அக்கா? கழுத்துப் புண் மாறீட்டுதோ?" எங்களுடைய சுகத்தை ஒருநாளும் கேட்டதில்லை. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்! முதலில் நல்ல மீன் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகொருநாள் மருந்து வைப்பாள் என்று முடிவுகட்டினேன்.

மறுநாள் விடிய வாழைமரத்துக்குப் பின்னால் ஒளித்து நின்றேன். பொட்டுக்குள்ளால் சிரட்டையோடு ஒரு கை வந்தது. எட்டிப் பிடித்துக்கொண்டு ஓலையை விலக்கினேன். அவள்தான்.

"வாயில்லாச் சீவனுக்கு என்ன மருந்து கலந்தனீர்? சொல்லும்!"

அவள் கையை இழுக்கவில்லை. மற்றக் கையால் சிரட்டை மீனில் ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டு விழுங்கினாள்.

"அது என்ரை நாய் அக்கா. குட்டியிலையிருந்து மீன் திண்டு வளந்தது. வெறுங்கஞ்சி குடியாது."

"உம்மடை நாயெண்டால் இவ்வளவு நாளும் ஏன் வாய் திறக்கேல்லை?"

"நாங்கள் ஓடேக்கை பின்னாலை குரைச்சுக்கொண்டு வந்து நேவிக்குக் காட்டிக் குடுத்திடுமெண்டு பயந்து, பூவரசிலை கட்டினனான். விடிய வந்து அவிழ்ப்பமெண்டு நினைச்சன். பிறகு அவங்கள் எங்களைத் திரும்பிப் போக விடேல்லை. அந்தக் கயிறு நான் கட்டினது. எந்த முகத்தோடை வந்து கேக்கிறது?"

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. புழு எடுத்தது நானல்லவா!

"அப்பிடியெண்டால் கூப்பிடும் பாப்பம். உம்மடை நாயெண்டால் வரும்."

சொல்லிவிட்டேனே தவிர, வந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அதை யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் பொட்டடியில் குந்தி, மெல்ல ஒரு பெயரைச் சொன்னாள். நான் கூப்பிட்ட எந்தப் பெயருக்கும் திரும்பாத நாய் குசினிக் கோடியிலிருந்து எழும்பியது. வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு நடந்து வந்தது. மீனைப் பார்க்கவேயில்லை. அவளுக்கு முன்னால் தலையைத் தாழ்த்தி, மயிர் முளைக்காத கழுத்தை நீட்டி, கட்டட்டும் என்று நின்றது.

"நீங்களே வைச்சிருங்கோ அக்கா," என்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவள் அழுதாள்.