பேய்க்கு என்ன நட்சத்திரம்?

"பேர் சொல்லுங்கோ. நட்சத்திரம் சொல்லுங்கோ."

போன வெள்ளிக்கிழமை காலை, வெள்ளவத்தையில் என்னுடைய லொட்ஜின் ஏழாம் அறையில் சம்மணம் கட்டி உட்கார்ந்துகொண்டு ஐயர் என்னைக் கேட்டார்.

யாருடைய பேர்? யாருடைய நட்சத்திரம்? நான் அவரைக் கூப்பிட்டது பேய் விரட்ட. பேய் என்ன நட்சத்திரத்தில் பிறந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"ஐயா, பொதுவாக ஒரு சாந்தி செய்து விடுங்கோ" என்றேன்.

"பொதுவாச் செய்ய ஏலாது முதலாளி. செத்த ஆக்கள் எல்லாருக்குமாச் செய்யிறதெண்டால், நாடு இப்ப இருக்கிற நிலைமையில எனக்கு இந்தப் பிறவி காணாது."

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கொட்டாஞ்சேனையில் மூட்டை சுமந்தேன், கிராண்ட்பாஸில் சாப்பாட்டுக் கடை போட்டேன், கலவரத்தில் அது எரிந்தது, அடுத்த மாதமே அதே இடத்தில் அடுப்பு மூட்டினேன். இன்றைக்கு மூன்று மாடி லொட்ஜுக்குச் சொந்தக்காரன். பொலிஸ் வந்தால் சிங்களத்தில் சமாளிப்பேன், தண்ணீர் நின்றால் பவுசர் லொறி பிடிப்பேன். கொழும்பில் எனக்கு விளங்காத விஷயம் எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏழாம் அறை அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்த அறையில் இருப்பது மனோன்மணி. பருத்தித்துறைப் பக்கத்துப் பெண். அவருடைய மகன் சுதன் போன வருஷம் இதே அறையில்தான் தங்கியிருந்தான், வெளிநாடு போவதற்காக. ஒரு நாள் பின்னேரம், "கோல் எடுத்துப்போட்டு வாறன்" என்று சந்தியிலிருக்கும் கொம்யூனிகேஷனுக்கு, அதுதான் ரெலிபோன் கடைக்கு, போனான். அவன் அங்கே போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. வழியில் ஆரோ கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். ஆர் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

தாய் ஊரிலிருந்து வந்தார். வேறு அறை தருகிறேன் என்றேன். "வேண்டாம் அண்ணை, அவன்ர அறையே போதும்." தினமும் காலையில் மகனின் படத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கந்தோராக, ஒவ்வொரு முகாம் வாசலாக ஏறி இறங்குவார். பின்னேரம் வருவார். சாத்திரிமாரையும் விடவில்லை. எல்லாச் சாத்திரிக்கும் ஒரே பேச்சு: பெடியன் உயிரோடு இருக்கிறான், தெற்குத் திசையில். கொழும்புக்குத் தெற்கே கடல் வரைக்கும் எத்தனை ஊர்...

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து அறைத் தவராசா என்னிடம் வந்தார். கனடா விசாவுக்குக் காத்திருக்கும் மனிதர், காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

"முதலாளி, அந்த அறைக்குள்ள பகலில கதிரை இழுபடுது."

"தங்கச்சி இழுப்பா."

"அவ காலமை போனால் பின்னேரம்தானே வாறா. பூட்டிக் கிடக்கிற அறைக்குள்ள ஆர் இழுக்கிறது?"

எலி என்றேன். கதிரை இழுக்கிற எலியை நீங்களே பிடியுங்கோ என்றார். மதியம் நானே போய்க் காதை வைத்தேன். கேட்டதா? கேட்டதுபோலவும் இருந்தது, கேட்காததுபோலவும் இருந்தது. காலி வீதியில் பஸ் போனாலும் என் கட்டிடம் கொஞ்சம் முனகும், அதை மறைக்கவில்லை. ஆனால் கதை பரவிவிட்டது. அந்த மாடியில் இரண்டு குடும்பம் கிருலப்பனைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது.

அதனால்தான் மனோன்மணி இல்லாத நேரம் பார்த்து ஐயரைக் கூப்பிட்டேன். எள்ளு, தர்ப்பை எல்லாம் எடுத்துப் பரப்பியாயிற்று. அப்போதுதான் அந்தப் பேர், நட்சத்திரக் கேள்வி.

வாசலில் குரல் கேட்டது. அன்றைக்குப் பார்த்து ஏதோ கந்தோர் பூட்டு, மனோன்மணி நேரத்தோடு வந்துவிட்டார்.

"பேர் சுதன். ரோகிணி நட்சத்திரம். அர்ச்சனை செய்யுங்கோ ஐயா, ஆயுளுக்கு."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். ஐயர் எள்ளுப் பொட்டலத்தை மெல்ல மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பூவை எடுத்து, தீர்க்காயுசுக்கு மந்திரம் சொல்லத் தொடங்கினார். செத்தவனை அனுப்ப வந்த மனிதர், உயிரோடு இருப்பவனுக்கு அர்ச்சனை செய்துவிட்டுப் போனார்.

பிறகு என்ன? பேய் போகவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவே இல்லையே.

ஐயருக்குப் பிறகு நான் கூப்பிட்ட இரண்டாவது ஆள் மிஸ்டர் லெஸ்லி. தெஹிவளையில் இருக்கும் பறங்கிக் கனவான். வடக்கு ரயில் லைனில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக வேலை செய்து தமிழ் பழகியவர். பென்ஷன் எடுத்த பிறகு அவருக்குப் பேய் ஆராய்ச்சிதான் பொழுதுபோக்கு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடிபட்ட பழைய கோட்டைகள், மலைநாட்டு ஹோட்டல்கள், ரெஸ்ட் ஹவுஸ்கள் ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. கோட்டையில் தலையில்லாத சிப்பாய் நடப்பானாம். ஹோட்டலில் வெள்ளைக்காரி ஒருத்தி கவுன் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வருவாளாம்.

"பேய் இல்லை என்று சொல்ல ஹோட்டல்காரர் என்னை விடமாட்டார்கள் மிஸ்டர். டூரிஸ்டுக்குப் பேய் பிடிக்கும். இப்போது சண்டையால் டூரிஸ்ட் இல்லை. அவளும் சும்மாதான் நிற்பாள்."

பாருங்கள், பெரிய ஹோட்டலில் பேய் இருந்தால் ஆள் வரும். என் லொட்ஜில் இருந்தால் ஆள் ஓடும். பேயிலும் தரம் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை வந்தார். தெர்மாமீட்டர், ரேப் ரெக்கோடர், என் குசினியில் வாங்கிய கோதுமை மா. மாவை அறை முழுக்கத் தூவினார், கால் தடம் விழுமாம். ரெக்கோடரை ஓடவிட்டுக் கதவைப் பூட்டினார்.

மனோன்மணி அன்றைக்கு வெளியே போகவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், பயப்பட ஒன்றுமில்லை, கெட்டிக்கார மனிதர், இருக்கா இல்லையா என்று நறுக்கென்று சொல்லிவிடுவார் என்றேன்.

"சொல்லுவாரோ?"

"ஓம் தங்கச்சி."

"இருக்கெண்டு சொன்னால் அது ஆர் அண்ணை?"

நான் பூட்டின கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்த அறையில அவனுக்குப் பிறகு நான்தான். பேய் இருக்கெண்டால் என்ர பிள்ளை உயிரோட இல்லை. இதை யோசிச்சுத்தானே அவரைக் கூட்டி வந்தனீங்கள்?"

யோசிக்கவில்லை. மூன்று மாடியை யோசித்தேன், போன இரண்டு குடும்பத்தை யோசித்தேன். இது மண்டைக்குள் வரவே இல்லை. லெஸ்லியைப் போகச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். பாக்கட்டும்." சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார். "எத்தினை பேரிட்டைக் கேட்டுப்போட்டன். இவரும் சொல்லட்டும்."

மதியம் லெஸ்லி கதவைத் திறந்து தனியாக உள்ளே போனார். வெளியே வரும்போது சப்பாத்தெல்லாம் மா. மனோன்மணி எழுந்து நின்றார்.

"ஒன்றும் இல்லை அம்மா. சுத்தமான அறை."

"வடிவாப் பாத்தீங்களோ?"

"வடிவாகப் பார்த்தேன்."

மனோன்மணி திரும்பவும் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "இருங்கோ, தேத்தண்ணி போட்டுத் தாறன்" என்றார். லொட்ஜுக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒருவருக்குத் தேத்தண்ணி போட்டு நான் பார்த்ததில்லை.

காலி வீதி வரைக்கும் லெஸ்லியோடு நடந்தேன். உண்மையிலே ஒன்றும் இல்லையா என்று கேட்டேன்.

"தெரியாது மிஸ்டர். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, கீழே பார்க்காமல் மாவை மிதித்து நடந்துவிட்டேன். ரேப்பும் போட்டுக் கேட்கவில்லை."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"நான் பழைய கோட்டைக்குப் போகிற ஆள். அந்தச் சிப்பாயின் அம்மா செத்து முந்நூறு வருஷம். நான் என்ன சொன்னாலும் அவளுக்குப் பரவாயில்லை. இங்கே அம்மா படிக்கட்டில் இருக்கிறாள், நீங்கள் கதைத்தது எனக்கும் கேட்டது." கசெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இதற்கு மேல் பைலாப் பாட்டு அடித்து இதை அழித்துவிடுவேன்."

அவர் பஸ் ஏறிய பிறகும் நான் அங்கேயே நின்றேன். வாராவாரம் வடக்கிலிருந்து சனம் என் லொட்ஜுக்கு வருகிறது. ஷெல் அடியைப் பற்றிக் கதைக்கிறார்கள், பங்கரைப் பற்றி, நடந்த தூரத்தைப் பற்றி, விட்டுவிட்டு வந்த மாட்டைப் பற்றிக் கதைக்கிறார்கள். இத்தனை சண்டை நடந்த மண்ணிலிருந்து ஒருவராவது ஒரு பேய்க்கதை சொன்னாரா? இல்லை. பேய்க்கதை சொல்வதற்கு, ஆர் செத்தது ஆர் இருப்பது என்று வீட்டில் எல்லாக் கணக்கும் முடிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. இங்கே யாருக்கு முடிந்திருக்கிறது? அந்தத் தாயிடம் லெஸ்லி சொன்னது நல்லதா, கெடுதலா? அதுவும் எனக்கு விளங்கவில்லை. விளங்காது என்று நான் எழுதுவது இந்தப் பத்தியில் இதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் காலை மனோன்மணி படத்தோடு வெளிக்கிட்டு வந்தார்.

"அண்ணை, அறையைப் பூட்டேல்லை. நான் இல்லாத நேரம் அவன் வந்தால் வெளியில நிக்க வேண்டாம், நேரே போய்ப் படுக்கட்டும்."

கொழும்பில், இந்தக் காலத்தில், லொட்ஜ் அறையைப் பூட்டாமல் போவதா? சட்டம் பேச வாய் வரைக்கும் வந்தது. "சரி தங்கச்சி" என்றேன்.

அறை அன்றிலிருந்து திறந்துதான் கிடக்கிறது. இன்றுவரை ஒரு சாமானும் களவு போகவில்லை.