ரோமாபுரி வாதமும் ஜரிகை அங்கவஸ்திரமும்

வெள்ளைக்காரன் காலத்தில், பூந்தமல்லியில் நான் ஜூனியராகச் சேர்ந்த வக்கீலுக்கு ரோமாபுரிப் பைத்தியம். அந்த நாட்டுப் பழங்கால வக்கீல்கள், கட்சிக்காரனுக்கு அழுக்குத் துணி உடுத்தி, பெண்டு பிள்ளைகளை அழவிட்டு வழக்காடுவார்களாம். ஒருவர் வாதத்தின் உச்சத்தில் கிழட்டுப் படைத்தலைவனின் சட்டையைக் கிழித்து, போர்த் தழும்புகளைக் காட்டியே விடுதலை வாங்கிவிட்டாராம். சீனியர் இதைச் சொல்லாத வாரம் கிடையாது. எங்கள் முன்சீப் கோர்ட்டுக்கு வருவதெல்லாம் வேலித் தகராறு. அதில் நடிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்; சொன்னதில்லை.

கடைசியில் அவருக்கும் ஒரு வழக்கு வாய்த்தது. திருவேற்காட்டுப் பக்கத்துக் குடியானவர் ஒருவரை, வீட்டையும் கொல்லையையும் விட்டுக் கிளப்ப அவ்வூர் மிராசுதார் தாவா போட்டிருந்தார். போன கோடையில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவன் என்று மிராசுதார் சத்தியம் செய்தார். குடியானவரோ அங்கேயே பிறந்தவர். பத்திரம் இல்லை. மிராசுதாருக்குப் பயந்து ஊரில் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. தோற்றால் பிள்ளைகளோடு நடுத்தெருதான்.

அவரிடம் இருந்ததெல்லாம் தோளில் ஒரு காய்ப்பு. அந்தக் கொல்லைக்குத் தண்ணீர் சுமந்து சுமந்து வந்தது.

"கந்தலைக் கட்டிக்கொண்டு வா. பிள்ளைகளையும் கூட்டி வா. நான் உன் மேல்துணியை உருவியதும் எல்லோரும் அழ வேண்டும்" என்றார் சீனியர்.

விசாரணையன்று குடியானவர் ஜரிகை வேட்டியும் ஜரிகை அங்கவஸ்திரமுமாக வந்து நின்றார். பிள்ளைகள் தலையில் எண்ணெய் வழிய, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்கள் போலிருந்தார்கள்.

"என்னய்யா இது வேஷம்?" என்று சீனியர் பல்லைக் கடித்தார்.

"கோர்ட்டுக்குக் கந்தலோட வந்தா மருவாதியா கீதா சாமி? ஏகாலியாண்ட வாங்கிக் கட்டிகினு வந்தேன்."

ஏகாலி என்றால் ஊர்ச் சலவைக்காரர். வெளுக்க வந்த துணியை இல்லாதவர்களுக்கு விசேஷத்துக்கு இரவல் கொடுத்துவிட்டு, திரும்ப வெளுத்து உரியவர் வீட்டில் சேர்ப்பார். உரியவர்களும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் இது சாதாரணம்.

சீனியர் மனம் தளரவில்லை. குரலை நடுங்கவிட்டு, "இந்தத் தோளைப் பாருங்கள்!" என்று அங்கவஸ்திரத்தை வெடுக்கென்று உருவினார். அது சாட்சிக் கூண்டின் ஆணியில் மாட்டிப் பர்ரென்று கிழிந்தது. பிள்ளைகள் அழவில்லை, கடைக்குட்டி சிரித்தது. முன்சீப் தோளைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் மிராசுதார் துள்ளி எழுந்தார்.

"ஐயோ, என் துணி! எஜமான், இவன் சின்ன வயசுலேந்து இப்டித்தான். வருசா வருசம் பொங்கலுக்கு ஏகாலியாண்ட என் துணிய வாங்கிக் கட்டிகினு ஊரச் சுத்துவான். போனாப் போவுதுன்னு உட்டேன். இன்னிக்கி கியிச்சே பூட்டாங்க!"

அவருடைய வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்தார். முன்சீப் பேனாவை எடுத்தார்.

"சின்ன வயதிலிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மிராசுதார் தொப்பென்று உட்கார்ந்தார்.

வீடும் கொல்லையும் குடியானவருக்கே என்று தீர்ப்பான அன்று, அவர் கோர்ட்டு வாசலில் வெற்றுத் தோளோடு குந்தி, ஓவென்று அழுதார். அவர் அழுவதைப் பார்த்துப் பிள்ளைகளும் அழுதார்கள். போகிற வருகிறவர்கள்கூட நின்று கண்ணைத் துடைத்தார்கள்.

சீனியர் வெளியே வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதைத்தானய்யா உள்ளே செய்யச் சொன்னேன்!"